வெறுந்தராசு

ஜூன் பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, குன்னூருக்கு மேலே இருக்கும் ஹில்கிரவுன் வணிகப் பொருளாதாரக் கல்லூரியின் அரங்கத்தில் இருந்தவர்கள் வருமாறு: தாளாளர் டாக்டர் பாலு, வேலைவாய்ப்பு அதிகாரி கெஸியா, கல்லூரி வளாகத்திலேயே கிளை வைத்திருக்கும் வங்கியின் மேலாளர் தரணிதரன், என் மகள் கனகமணி, அவள் மகள் மனிஷா, என் ஜீப்பை ஓட்டும் சுடலைமுத்து, கல்லூரி அன்றைக்கு மட்டும் கொடுத்த நீலக் கோட்டில் அவர் மகன் அஜய், பிக்கட்டியில் முப்பது சென்ட் தேயிலை வைத்திருக்கும் மாரியாயி, பெயர் தெரியாத பெற்றோர் இருநூறுக்குச் சற்றுக் குறைவு, போண்டா பரிமாறிய மூன்று பேர், அப்புறம் நான், வெள்ளியங்கிரி, மஞ்சூரில் பச்சைத் தேயிலை ஏஜெண்ட்.

பெயர்களை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நடந்ததைப் பற்றி மலை முழுக்கக் கதை போயிருக்கிறது. கதை சொல்கிறவர்களில் ஒருவர்கூட இந்தப் பட்டியலில் இல்லை.

என் அப்பா ஐம்பத்தெட்டாம் வருடம் அன்னூரிலிருந்து ஒரு தொங்கு தராசோடு மலையேறினார். சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் இலையை எடை போட்டு வாங்கி ஃபேக்டரியில் சேர்ப்பது எங்கள் தொழில். கிலோவுக்கு இவ்வளவு என்று கமிஷன். தினமும் முதல் சாக்கைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன்னால் அப்பா தராசை வெறுமனே தொங்கவிட்டு, "பாத்துக்கோங்க, வெறுந்தராசு" என்பார். முள் பூஜ்யத்தில் நிற்பதை நாலு பேர் பார்த்த பிறகுதான் எடை. அவருக்குப் பின் முப்பத்தெட்டு வருடமாக நானும் அதையே செய்கிறேன். அந்த வழக்கமும் அப்பா கட்டிய ஓட்டு வீடும்தான் எங்கள் குடும்பத்தின் சொத்து. வீட்டுப் பத்திரம் இதுவரை எந்த வங்கியின் படியையும் மிதித்ததில்லை.

மருமகன் போன பிறகு கனகமணியும் மனிஷாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். மனிஷா ப்ளஸ் டூவில் அறுநூறுக்கு ஐநூற்று அறுபத்தொன்று. எகனாமிக்ஸ் படிக்க வேண்டும் என்றாள். எந்தக் கல்லூரி என்பதைக் கனகமணி முடிவு செய்தாள். அன்னூரில் எங்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி கோட்டு போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள்; அந்தப் படம் வாரம் ஒருமுறை வாட்ஸப்பில் வருகிறது. நம் வீட்டுப் பெண் மட்டும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு அரசுக் கல்லூரிக்குப் போவதா என்று நானும் நினைத்தேன். யாரும் கேட்காமலே கடைவீதியில் நாலு பேரிடம் "பேத்தி ஹில்கிரவுன்ல சேரப் போறா" என்று சொல்லியும் விட்டேன்.

பிறகுதான் கல்லூரியின் கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். வழவழப்பான தாளில் முப்பத்திரண்டு பக்கம். அதில் பாடத்திட்டம் அரைப் பக்கம். நடுப்பக்கத்தில் இரண்டே எண்கள். மூன்று ஆண்டுக்கு மொத்தச் செலவு ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். எங்கள் பட்டதாரிகளின் சராசரி ஆண்டு வருமானம் எட்டு லட்சத்து நாற்பதாயிரம். கீழே ஒரு வரி: 'எது கனம்? நீங்களே நிறுத்துப் பாருங்கள்.'

நிறுத்துப் பார்ப்பது என் தொழில்.

ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் சொத்து ஈடு காட்ட வேண்டும் என்றது வங்கி. சொத்து என்றால் வீடு. கையெழுத்துப் போடக் கடைசி நாள் ஜூன் இருபது. மே மாதக் கடைசியிலிருந்து என்னால் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் பீரோவுக்கும் நடந்தேன். பத்திரம் இருக்கிறதா என்று ஒரு நாளில் மூன்று முறை திறந்து பார்த்தேன். அது எங்கும் போகவில்லை.

மனிஷா இலை எடை எழுதும் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

"மாசம் பதினேழாயிரம் கட்டோணும் அப்பிச்சி. பத்து வருசம்."

"ஒம்பது லட்சத்துச் சொச்சத்துக்கா?"

"வட்டியோட சேத்துனா இருபது லட்சம் தாண்டுது."

"சம்பளம்?"

"அவங்க சொல்றபடி பாத்தா மாசம் எழுபதாயிரம்."

"அப்பச் சரியாத்தானே இருக்குது?"

"அவங்க சொல்றபடி பாத்தா," என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள்.

மறுநாள் ஃபேக்டரிக்கு இலை ஏற்றிப் போகும்போது சுடலைமுத்துவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் என்னிடம் இருபது வருடமாக ஜீப் ஓட்டுகிறார். மகன் அஜய் ஹில்கிரவுனில் இதே படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஊட்டியில் நல்ல வேலை என்று கேள்வி. அடுத்தவர் வீட்டுச் சம்பளத்தைக் கேட்பது எங்கள் வழக்கம் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அஜய்க்கு எவ்வளவப்பா வருது?"

கொண்டை ஊசி வளைவை ஒடித்துத் திருப்பிவிட்டு அவர் சொன்னார்: "பதினாலு."

"லட்சமா?"

"காலங்காத்தாலயே கிண்டல் பண்ணாதீங்கய்யா. ஆயிரம். செல்ஃபோன் கடையில கண்ணாடி ஒட்டுறான்."

"கடனுக்குக் கட்டறது?"

"பத்தாயிரத்து ஐநூறு. அவன் நாலு கட்டுறான். மிச்சத்தை இந்த ஸ்டியரிங் கட்டுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேப்பா நீ."

"நீங்க கேக்கலியே. காலேஜுக்காரங்கதான் பாசமா மாசாமாசம் கேக்குறாங்க. அவன்கிட்ட, இன்னும் வேலையில இருக்கீங்களான்னு. இருக்கேன்னு சொன்னா வாழ்த்துச் சொல்லி வச்சிடறாங்க."

எழுபதாயிரமும் பதினாலாயிரமும் என் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஃபேக்டரியில் இலையை இறக்கிவிட்டு நேரே குன்னூருக்கு ஜீப்பை விடச் சொன்னேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பெயர் வெற்றி மையம். உள்ளே போவதற்கு இயந்திரத்தில் டோக்கன் எடுக்க வேண்டும். எனக்கு வந்தது நூற்று ஒன்று. அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கல்லூரியில் எல்லா எண்களும் நூறுக்கு மேலேதான் தொடங்கும் என்று காவலாளி விளக்கினார். நாற்பது நிமிடம் கழித்து நூற்று ஒன்றை அழைத்தார்கள்.

கெஸியா இருபத்தைந்து வயதுப் பெண். மரியாதையாக எழுந்து நின்று உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"சராசரி எட்டு நாப்பதுங்கறது எத்தனை பேரோடதுங்க?"

"நூத்தி இருபது பேர் படிச்சு முடிச்சாங்க சார். நூத்தி இருபது பேருமே ப்ளேஸ்டு."

"அத்தனை பேருக்கும் வேலையா?"

"நாப்பத்தி மூணு பேர் வேலையில இருக்காங்க. மத்தவங்க மத்த துறையில இருக்காங்க."

மத்த துறைகளின் பட்டியலைக் காட்டினாள். கல்யாணமாகிப் போன பெண்கள் 'குடும்ப நிறுவனக் கூட்டாண்மை'. அப்பன் தோட்டத்தில் இலை பறிக்கிறவர்கள் 'வேளாண் மேலாண்மை'. அரசுத் தேர்வுக்கு வீட்டிலிருந்து படிக்கிறவர்கள் 'பொதுக் கொள்கை ஆய்வு'. வேலையில் இருப்பவர்களில் அஜய் பெயரும் இருந்தது: 'தகவல் தொடர்பு, திரைப் பாதுகாப்புப் பிரிவு.'

"சரி. அந்த நாப்பத்தி மூணு பேரு சம்பளத்தைக் கூட்டி வகுத்தீங்களா?"

"சம்பளத்தைச் சொன்னவங்களை மட்டும் சார். ஒன்பது பேர் சொன்னாங்க."

அந்த ஒன்பதையும் காட்டினாள். எட்டுப் பேர் இரண்டு லட்சத்துக்கும் மூன்றரை லட்சத்துக்கும் நடுவில். ஒன்பதாவது ஆளுக்கு ஐம்பத்து நான்கு லட்சம். ஒரு எஸ்டேட் முதலாளியின் மகன். அப்பாவின் கம்பெனியிலேயே டைரக்டர்.

"இது படிச்சதனால வந்த சம்பளமா அம்மிணி?"

"நம்ம டிகிரி அவருகிட்ட இருக்கே சார்."

"எங்க தொழில்ல சாக்குக்குள்ள கல்லு கெடந்தா, அதை எடுத்து வீசிட்டுத்தான் எடை போடுவோம்."

"அவரு கல்லு இல்ல சார். எங்க பிராண்ட் அம்பாசிடர்."

நான் கல்லை எடுத்துவிட்டு எடை போட்டேன். மீதி எட்டுப் பேருக்கும் சேர்த்து இருபத்தொரு லட்சத்து அறுபதாயிரம். தலைக்கு இரண்டு எழுபது. மாதம் இருபத்திரண்டாயிரத்து ஐநூறு. அதில் பதினேழாயிரத்தை வங்கி எடுத்துக்கொண்டால் மிச்சம் ஐயாயிரத்து ஐநூறு.

"இதுல கோயமுத்தூர்ல ஒரு புள்ள ரூமு எடுத்துத் தங்கிச் சாப்பிட முடியுங்களா?"

கெஸியா கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நானும் இங்கதான் சார் படிச்சேன். அந்த எட்டுப் பேர்ல நானும் ஒருத்தி. எனக்கு ரூம் வாடகை கிடையாது. ஹாஸ்டல் வார்டனும் நான்தான்."

அப்போதுதான் தாளாளர் உள்ளே வந்தார். இந்தக் கல்லூரி இதுவரை ஒரே ஒரு கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியிருக்கிறது. அதைப் பெற்றவர் அவர். நான் தராசுக்காரன் என்று கேட்டதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்கள் மரபின் கணக்காளர்! பதினான்காம் தேதி எங்கள் நிறை நாள். வருமானத்தையும் கடனையும் பெற்றோர் முன்னிலையில் தராசில் நிறுத்துக் காட்டுகிறோம். எடை சரி என்று சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? அன்றைக்கே பெற்றோருக்கு ஒருநாள் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. இந்தப் படிவத்தை மட்டும் நிரப்புங்கள்."

பெயர், ஊர், தொழில், ஆண்டு வருமானம். எனக்கு முன் வந்தவர் குன்னூரில் பங்களா வைத்திருப்பவர். பிள்ளையைச் சேர்க்க அவர் நிரப்பிய விண்ணப்பம் மேலாகவே கிடந்தது. இருபத்திரண்டு லட்சம் என்று உருண்டை எழுத்தில் எழுதியிருந்தார். தாளாளர் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கை வழியாக வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோ இலை போகிறது. கிலோ இருபத்திரண்டு ரூபாய். ஐம்பத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம். அது என் கை வழியாகப் போவது உண்மை. என் கையில் தங்குவது கிலோவுக்கு இரண்டு ரூபாய் என்பதும், அதில்தான் டீசலும் டிரைவர் சம்பளமும் என்பதும் உண்மை. கட்டத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம் இருந்தது. முதல் எண்ணை எழுதினேன்.

நாலு நாள் கழித்து வங்கிக்குப் போனேன். கல்லூரி அலுவலகத்துக்கும் வங்கிக் கிளைக்கும் நடுவில் இருப்பது ஒரு கதவு. கல்லூரிப் பக்கத்தில் அதன் மேல் 'எதிர்காலம்' என்று எழுதியிருக்கிறது. வங்கிப் பக்கத்தில் 'தள்ளவும்' என்று எழுதியிருக்கிறது.

மேலாளர் தரணிதரன் மேட்டுப்பாளையத்துக்காரர். "ஏனுங்க, உங்களுக்கு வட்டிச் சலுகை கெடைக்காதுங்க," என்றார்.

"ஏனுங்க?"

"வருசம் ஐம்பத்திரண்டு எண்பது சம்பாதிக்கிற ஊட்டுக்கு அரசாங்கம் வட்டி கட்டுமுங்களா?" என் படிவம் அவர் மேசையில் இருந்தது. கதவு வழியாக வந்திருந்தது.

தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றை எடுத்து வைத்தேன். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளிம்பைச் சரிசெய்தார்.

"மஞ்சூர்க் கிளையில நாலு வருசம் இருந்தவனுங்க நான். உங்க தராசைப் பத்தித் தெரியாம இல்ல. இதுல எதுங்க நெசம்?"

நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு தொண்ணூத்திரண்டு நெசம்னா கடன் குடுக்க முடியாதுங்க. திருப்பிக் கட்டற சக்தி இல்ல. ஐம்பத்திரண்டு எண்பது நெசம்னா சலுகை குடுக்க முடியாதுங்க. கடனே தேவையில்ல. ஆனா பாருங்க, ஊட்டுப் பத்திரத்தைக் குடுத்துட்டீங்கன்னா எங்களுக்கு ரெண்டு நம்பரும் ஒண்ணுதானுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். வெளியே கல்லூரி வாசலில் புதிய பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். 'எங்கள் பட்டதாரிகளின் சராசரி ஆண்டு வருமானம் 12.84 லட்சம்.' நாலே நாளில் கிட்டத்தட்ட நாலரை லட்சம் ஏறியிருந்தது. ஜீப்பில் ஏறி இலைச் சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழைய ஒன்பது பேருக்கு எழுபத்தைந்து அறுபது. அதோடு ஐம்பத்திரண்டு எண்பது. பத்தால் வகுத்தால் பன்னிரண்டு எண்பத்து நான்கு.

பத்தாவது பட்டதாரி நான்தான். என் ஒருநாள் படிப்பு இன்னும் தொடங்கவில்லை.

சுடலைமுத்துவிடம் மட்டும் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஐம்பத்திரண்டு லட்சத்துக்காரரே, செவ்வாக்கெழம டீசலுக்கு எங்கிட்டக் கைமாத்து வாங்கினீங்களே, அது எப்ப வரும்?"

"வண்டிய எடப்பா."

வீட்டில் சொல்லவில்லை. படிவத்தில் ஒரு எண். யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தேன். பதின்மூன்றாம் தேதி காலை மாரியாயி இலையோடு வந்தாள். நான் வெறுந்தராசைக் காட்டினேன். அவள் முள்ளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பெரியவரே, நம்ம பையனையும் ஹில்கிரவுன்லயே சேத்திடலாம்னு இருக்கோமுங்க."

"நீ போன மாசம் வேண்டாம்னியே."

"அப்ப எட்டு லட்சம்னு போட்டிருந்தாங்க. நம்பிக்கை வல்ல. இப்பப் பன்னெண்டே முக்காலுக்கு ஏறிடுச்சாம். உங்க பேத்தியும் அங்கதான்னு சொன்னாங்க. நீங்க நிறுத்துப் பாக்காமயா சேத்துவீங்க? தோட்டத்துப் பத்திரத்தை மனுவோட பேங்க்ல குடுத்தாச்சு. நாளைக்குக் கூட்டத்துல கையெழுத்து."

அவள் சாக்கு இருபத்தோரு கிலோ. சீட்டில் பன்னிரண்டு என்று எழுதி, அடித்து, இருபத்தொன்று என்று எழுதினேன். முப்பத்தெட்டு வருடத்தில் நான் சீட்டில் அடித்து எழுதியது அதுதான் முதல் முறை.

மறுநாள் நிறை நாள். ஜூன் மாதத்துக் குன்னூரில் அரங்கத்தில் ஏ.சி. ஓடியது. பெற்றோர் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். கட்டணத்தில் ஏ.சி.க்கு என்று தனியாக ஒரு வரி இருப்பதால் நிறுத்த முடியாது என்று காவலாளி சொன்னார். பக்கவாட்டில் வங்கிக்கு ஒரு மேசை. அதில் படிவம், மை, நூலில் கட்டிய பேனா. மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு பித்தளைத் தராசு. கனகமணி பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். எனக்கு மேடையில் நாற்காலி. நான் அதன் பின்னால் நின்றுகொண்டேன்.

தாளாளர் பேசினார்.

"பெரியோர்களே, கடன் என்ற சொல்லை இந்த வளாகத்தில் நாங்கள் உச்சரிப்பதில்லை. முன்கூட்டிய வருமானம் என்கிறோம். எங்கள் மாணவன் பட்டம் பெறும் நாளில் வேலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் குறிக்கோள் இல்லாமல் இருக்கமாட்டான். மாதம் ஐந்தாம் தேதி என்ற குறிக்கோளை அவனுக்கு நாங்கள் கொடுக்கிறோம்! பாதிப் பேருக்கு வேலை கிடைக்கவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். பொருளாதாரம் என்ன சொல்கிறது? அரிதான பொருளுக்குத்தான் மதிப்பு. வேலையை அரிதாக்கியதில் எங்களைப் போன்ற கல்லூரிகளின் பங்கு சிறிதல்ல!"

கைதட்டினார்கள். குளிருக்கும் அது நல்லது.

தரணிதரன் சுருக்கமாகப் பேசினார். "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்லீங்க. பத்திரம் இல்லாதவங்களைக் கிட்டவே சேத்தறதில்லீங்க."

பிறகு அஜய்யை அழைத்தார்கள். வருகிற பழைய மாணவர்களுக்கு மதியச் சாப்பாடும் முந்நூறு ரூபாயும் உண்டு. கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் அட்டையில் எழுதிக் கொடுத்ததைப் படித்தான். "எனது வருமானம் எனது கனவுகளை விஞ்சிவிட்டது."

கீழே முன்வரிசையிலிருந்து சுடலைமுத்துவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "காலையில பஸ்ஸுக்கு எரநூறு ஜிபே பண்ணச் சொன்னானே, அதையுமா?"

கெஸியா இரண்டு மூட்டைகளை எடுத்து வந்தாள். கறுப்புத் துணி மூட்டையில் கடன் என்று எழுதியிருந்தது. தங்கநிறத் துணி மூட்டையில் வருமானம். அஜய் கறுப்பை இடது தட்டில் வைத்தான். தங்கத்தை வலது தட்டில் வைத்தான். வருமானத் தட்டு மடாரென்று இறங்கிப் பலகையில் முட்டியது. மறுபடி கைதட்டல். மாரியாயி எழுந்து வங்கி மேசைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

தாளாளர் என் கையில் மைக்கைக் கொடுத்தார். "மரபின் கணக்காளர் இப்போது இரண்டே சொற்கள் சொல்வார். எடை சரி!"

மைக்கை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு சொற்கள்தான். சொல்லியிருந்தால் போண்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நான் எந்த எடையையும் அப்படிச் சொன்னதில்லை. வாய் வேறு சொல்லைத்தான் சொன்னது.

"வெறுந்தராசைக் காட்டுங்க."

"ஐயா, நேரம் இல்லை. அடுத்து நாதஸ்வரம்..."

"அதெப்படிங்க?" மாரியாயி நடந்த இடத்திலேயே நின்று சத்தம் போட்டாள். "எங்க இலைக்குத் தெனமும் காட்டுறாருல்ல? இதுக்கும் காட்டட்டும்."

இரண்டு மூட்டைகளையும் நானே எடுத்துக் கீழே வைத்தேன். இரண்டும் ஒரே எடை. உள்ளே பழைய கையேடுகள். தட்டுகள் காலியாக இருந்தன. வருமானத் தட்டு மேலே வரவில்லை. கீழேயே உட்கார்ந்திருந்தது. குனிந்து அடியைத் தடவினேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஈயம் ஒட்டியிருந்தது.

தட்டைச் சாய்த்துக் கூட்டத்துக்குக் காட்டினேன். தாளாளர் மைக் இல்லாமலே சொன்னார்: "அது எங்கள் நிறுவனத்தின் நன்னம்பிக்கை."

பழக்கத்தில் ஒருசிலர் அதற்கும் கைதட்டினார்கள். பிறகு மற்றவர்கள் எனக்குக் கைதட்டினார்கள். சுடலைமுத்து விசிலடித்தார். கனகமணியின் முகத்தில் இப்படியொரு பெருமையை அவள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். மாரியாயி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் அப்பா வெறுந்தராசைக் காட்டியபோதெல்லாம் அது அவருடைய தராசுதான், அடுத்தவனுடையது இல்லை.

"இன்னொண்ணு இருக்குதுங்க," என்றேன். "வாசல்ல பன்னெண்டு எண்பத்தி நாலுன்னு போர்டு மாட்டியிருக்காங்க. அதுல ஐம்பத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம் நான் எழுதிக் குடுத்தது. அது என்ர வருமானம்னு எழுதினேன். பொய்யிங்க. ஊரு இலைக்காசு அது. எனக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபா. செலவு போக வருசத்துக்கு ஒண்ணு தொண்ணூத்திரண்டு."

யாரும் கைதட்டவில்லை. கனகமணி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மாரியாயி வங்கி மேசைக்குப் போய்ப் பத்திரத்தைக் கேட்டாள். மனுவைத் திரும்பப் பெற டோக்கன் எடுக்க வேண்டும் என்றார் தரணிதரன். அவள் எடுத்தது மேசையிலிருந்த பத்திரத்தை. அஜய் நீலக் கோட்டைக் கழற்றினான். எங்கே வைப்பதென்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கடன் தட்டில் வைத்தான். தராசு அப்போதுதான் நேராக நின்றது. அவனுக்கு முந்நூறு ரூபாய் கிடைக்கவில்லை. சாப்பாடும் கிடைக்கவில்லை. போகும் வழியில் நான் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஜீப்பில் திரும்பினோம். மஞ்சூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மனிஷா சொன்னாள்: "ஊட்டி கவர்மெண்ட் காலேஜ்ல எகனாமிக்ஸுக்கு மே மாசமே அப்ளை பண்ணிட்டேன் அப்பிச்சி. சீட்டு வந்திடுச்சு."

"எங்கிட்டச் சொல்லலியே."

"நீங்க கடைவீதியில சொல்லிட்டீங்களே."

"அந்தப் பதினேழாயிரம் கணக்கு?"

"அது எனக்குப் போட்டதில்ல. உங்களுக்குப் போட்டது."

கனகமணி எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாவது நாள், ஐம்பத்திரண்டு என்று எழுதுவதற்கு முன்னால் பெற்ற மகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்றேன். அறுபதாக எழுதச் சொல்லியிருப்பேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மனிஷா இப்போது காலையில் ஆறே முக்கால் பஸ்ஸில் போகிறாள். கோட்டு கிடையாது. உட்கார இடமும் கிடையாது. பத்திரம் பீரோவில் இருக்கிறது.

நிறை நாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தராசை மாட்டி, "பாத்துக்கோங்க, வெறுந்தராசு" என்றேன். வழக்கமாக நாலு பேர் பார்ப்பார்கள். அன்றைக்கு வந்திருந்த எல்லோரும் கிட்டே வந்து, குனிந்து, முள்ளைப் பார்த்தார்கள். இன்னும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய் என் எண்ணைத் திருத்தச் சொன்னேன். டோக்கன் நூற்று ஒன்று. வருமானத் திருத்த விண்ணப்பம் ஐநூறு ரூபாய். அதில் திருத்தத்தின் வகை என்று இரண்டு கட்டங்கள்: 'உயர்வு', 'மேலும் உயர்வு'. கெஸியா எழுந்து நின்றாள்.

"சார், சாஃப்ட்வேர்ல குறைக்க ஆப்ஷன் இல்ல."

"மேல சொல்லி வைக்கச் சொல்லுங்க."

"சொன்னேன் சார். வேற வேலை தேடச் சொல்லிட்டாங்க. தேடிட்டிருக்கேன். அதை 'மேலும் உயர்வு'ல போட்டுட்டாங்க."

இந்த மாதம் புதிய கையேடு வந்திருக்கிறது. நடுப்பக்கத்தில் நான் மைக்கோடு தராசு பக்கத்தில் நிற்கும் படம். கீழே, 'எங்கள் பட்டதாரி, பச்சைத் தேயிலைத் துறை, ஆண்டு வருமானம் 52.8 லட்சம்.' அதைப் பார்த்துவிட்டு, வெள்ளியங்கிரி ஹில்கிரவுனில் படித்து ஐம்பத்திரண்டு லட்சம் சம்பாதிக்கிறார் என்று மஞ்சூரிலிருந்து பிக்கட்டி வரை பேசிக்கொள்கிறார்கள்.

தவறு. நான் ஹில்கிரவுனில் படிக்கவில்லை. கிலோவுக்கு இரண்டு ரூபாய். டீசல் என்னுடையது.